அருங்காட்சியகங்களை இணையத்தில் படிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்துப் பார்வதி ஒருத்தி நிற்கிறாள். ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் வார்க்கப்பட்டவள். உயரம் 69.5 சென்டிமீட்டர். உடலை லேசாக ஒசித்து, பூப் பிடிக்கும் பாவனையில் வலக்கை விரல்களை மடக்கி, இடக்கையைத் தளரத் தொங்கவிட்டிருக்கிறாள். அவளைப் பார்க்க விசா வேண்டாம், டிக்கெட் வேண்டாம், கையில் ஒரு ஃபோன் இருந்தால் போதும். அந்த அருங்காட்சியகத்தின் தளத்தில் படத்தைப் பெரிதாக்கினால், காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாத நகை வேலைப்பாடுகூடத் தெரியும்.

பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, தளத்தை மூடிவிடுகிறார்கள். படத்துக்குக் கீழே இருக்கும் பக்கத்தைப் படிப்பதில்லை. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கைமாற்றினார்கள், நீங்கள் அதை என்ன செய்யலாம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே தொடங்குவது

கூகுள் படத் தேடலில் தொடங்காதீர்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் யாரோ எடுத்து, யாரோ வெட்டி, யாரோ நிறம் மாற்றிய படம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்துக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. அவர்களிடம் இருக்கும், டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் ஓவியத்துக்கு, மஞ்சள் பூத்த மட்டமான நகல்கள் 10,000க்கும் மேல் இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அருங்காட்சியகக் கடையில் விற்ற அசல் நிற அட்டையைப் பார்த்த மக்கள், இதுதான் தப்பான நிறம் என்று நினைத்தார்களாம். நல்ல படத்தை நாமே வெளியிட்டால்தான் கெட்ட படம் ஒழியும் என்பதை அந்த நிறுவனம் அப்படித்தான் உணர்ந்தது. 2012இல் ரைக்ஸ்டூடியோ என்ற பகுதியைத் திறந்து, 1,25,000 படங்களை உயர்ந்த தரத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். ஆகவே எந்தப் பொருளானாலும் அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் 2011இல் 17 அருங்காட்சியகங்களோடு தொடங்கியது. சும்மா சுற்றிப் பார்க்க நல்ல இடம். கூடங்களுக்குள் நடந்து போவதுபோல் பார்க்கலாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு பொருளைப் பற்றி ஆழமாகத் தெரிய வேண்டுமென்றால் அங்கிருந்து பொருளின் பெயரை எடுத்துக்கொண்டு சொந்தத் தளத்துக்குப் போய்விடுங்கள்.

தமிழ்ப் பொருள்கள்தான் உங்கள் ஆர்வம் என்றால், மெட்ரோபாலிட்டனில் தொடங்கச் சொல்வேன். பக்கங்கள் தெளிவாக இருக்கும், தேடல் எளிது. அடுத்து கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம். 11ஆம் நூற்றாண்டு நடராசர் ஒருவர் அங்கே இருக்கிறார். அப்புறம் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன். இந்தியாவில் மத்திய அரசின் 'மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா' தளம் டெல்லி தேசிய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், நாகார்ஜுனகொண்டா போன்றவற்றின் பொருள்களை ஒரே இடத்தில் தருகிறது. அதற்குப் பின்னால் இயங்குவது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'ஜதன்' என்ற மென்பொருள். முதலில் ஒரே ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு அதன் போக்கு பழகும்வரை அதிலேயே இருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தால் எதுவும் மனதில் நிற்காது.

தேடல் பெட்டியில் என்ன எழுதுவது

இந்த வெளிநாட்டுத் தளங்களில் தமிழ் எழுத்தில் தேடிப் பயனில்லை, ஆங்கில எழுத்தில்தான் தேட வேண்டும். புதியவர்கள் தோற்றுப்போவது இங்கேதான். இன்றைய எழுத்துக்கூட்டல் ஒன்று, 150 வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீட்டில் எழுதியது இன்னொன்று. அந்தச் சீட்டுதான் பல இடங்களில் அப்படியே கணினியில் ஏறியிருக்கிறது. தஞ்சாவூர் என்று தேடினால் வராதது 'டான்ஜோர்' (Tanjore) என்று தேடினால் வரும். திருச்சிக்கு 'டிரிச்சினோபோலி' (Trichinopoly), திருநெல்வேலிக்கு 'டின்னவெல்லி' (Tinnevelly), தூத்துக்குடிக்கு 'டூட்டிகோரின்' (Tuticorin), காஞ்சிபுரத்துக்கு 'கான்ஜீவரம்' (Conjeeveram), நாகப்பட்டினத்துக்கு 'நெகபட்டம்' (Negapatam). ஊர்ப் பெயரே இல்லாமல் 'மெட்ராஸ்' (Madras), 'கோரமண்டல்' (Coromandel), 'தென்னிந்தியா' (South India) என்று மட்டும் பதிந்த பொருள்களும் ஏராளம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் 'ஜாஃப்னா'வோடு (Jaffna) 'சிலோன்' (Ceylon) என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.

பொருளின் பெயருக்கும் இதே கதை. நாம் ஐம்பொன் என்றும் செப்புத் திருமேனி என்றும் சொல்வதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வெண்கலம் (bronze) என்று பதியும். மெட்ரோபாலிட்டன் அந்தப் பார்வதியைச் செப்புக் கலவை (copper alloy) என்று பதிந்திருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றுமதியான காலத்துக் கையால் வரைந்த பருத்தித் துணியைத் தேடுகிறீர்களா? 'சின்ட்ஸ்' (chintz), 'கலம்காரி' (kalamkari), 'பாலம்போர்' (palampore) மூன்றையும் போடுங்கள். டச்சுத் தளத்தில் என்றால் 'ஸிட்ஸ்' (sits). விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் இந்தத் துணிகள் கொட்டிக் கிடக்கின்றன.

முதல் பயிற்சியாக ஒன்று சொல்கிறேன். லினேயஸ் டிரைப் (Linnaeus Tripe) என்ற பெயரைத் தேடுங்கள். 1850களில் சென்னை மாகாண அரசு நியமித்த புகைப்படக்காரர் அவர். 1858ஐ ஒட்டி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றிப் படம் பிடித்தார். அவற்றின் பிரதிகள் மெட்ரோபாலிட்டனிலும் லண்டனிலும் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் அந்தப் படங்களில் பார்த்துவிட்டு, இன்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தச் சுவர் போனது, எந்த மரம் வந்தது என்று அரை மணி நேரம் போவதே தெரியாது. தெரிந்த இடத்தில் தொடங்கினால் தளத்தின் பொத்தான்கள் தானாகப் பழகிவிடும்.

பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படிப்பது

முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சேர்க்கை எண் இருக்கும். மெட்ரோபாலிட்டன் பார்வதியின் எண் 57.51.3. அதாவது 1957இல் பதிவேட்டில் ஏறிய, அந்த ஆண்டின் 51ஆவது வரவில், மூன்றாவது பொருள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நடராசர் ஒருவருக்கு எண் 1987,0314.1. வருடம், மாதம், நாள், அன்றைய வரிசை என்று பிரித்துப் படித்தால் 1987 மார்ச் 14இல் பதிந்த முதல் பொருள் என்று ஆகிறது. கிளீவ்லாந்து நடராசர் 1930.331. இணைய முகவரி மாறலாம், தளத்தையே புதுப்பித்து எல்லாச் சுட்டிகளும் செத்துப்போகலாம். எண் மாறாது. எதைச் சேமித்தாலும் படத்தின் கோப்புப் பெயரிலேயே அந்த எண்ணையும் அருங்காட்சியகத்தின் பெயரையும் எழுதி வைத்துவிடுங்கள்.

காலம், இடம், பொருள், அளவு எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் வரும். அளவை விட்டுவிடாதீர்கள். திரையில் எல்லாச் சிலையும் ஒரே உயரம். ஆளுயர நடராசரும் உள்ளங்கையில் அடங்கும் விளக்குப் பாவையும் ஒன்றுபோலவே தெரியும். சென்டிமீட்டரைப் படித்துவிட்டு, எதிரே இருக்கும் மேசை மேலோ கதவிலோ அந்த உயரத்தை ஒருமுறை கையால் அளந்து பார்த்தால், உற்சவராக வீதி உலா போன திருமேனியா, வீட்டுப் பூசையறையில் இருந்ததா என்று ஓர் ஊகம் கிடைக்கும்.

காலத்துக்கு முன்னால் 'ஏறத்தாழ' என்று போட்டிருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். நம் ஆட்கள் பகிரும்போது முதலில் உதிர்வது அந்தச் சொல்தான். அறிஞர்கள் பாணியை வைத்துக் கணித்த காலம் அது. கல்வெட்டில் பொறித்த தேதி போல அதைப் பேசக் கூடாது.

அப்புறம் 'கிரெடிட் லைன்' என்ற ஒற்றை வரி. பார்வதியின் பக்கத்தில் அது கோரா டிம்கன் பர்னெட் என்பவரின் உயில் கொடை, 1956 என்கிறது. அன்பளிப்பா, உயிலா, விலைக்கு வாங்கியதா, வேறொருவர் இரவலாக வைத்திருப்பதா என்பது இந்த வரியில் தெரியும்.

அதற்கும் கீழே, பல தளங்களில் மடித்து வைத்த பகுதியாக, 'புரோவெனன்ஸ்' இருக்கும். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு. இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். பெயர்களைவிட இடைவெளிகளைக் கவனியுங்கள். கோயிலில் இருந்த ஒரு திருமேனி நேராக லண்டன் வியாபாரி ஒருவரின் பெயரில் தொடங்குகிறது என்றால், நடுவில் இருந்த வருடங்கள் எங்கே? கலாசாரச் சொத்துகளின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. இந்தியாவின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் 1972. இந்த இரண்டு வருடங்களை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், ஒரு பட்டியல் எந்த இடத்தில் மழுப்புகிறது என்பது பிடிபட ஆரம்பிக்கும்.

இது வெறும் ஆர்வத்துக்குச் சொல்வதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சதபீஸ் ஏலத்தில் 16ஆம் நூற்றாண்டுத் திருமங்கையாழ்வார் ஒருவரை வாங்கியது. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் தென்னிந்தியக் கோயில்களில் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. அதில் ஒரு படம், 1957இல் தமிழ்நாட்டுச் சவுந்தரராஜப் பெருமாள் கோயிலில் எடுத்தது. அதில் நிற்பவரும் இந்த ஆழ்வார்தான் என்பதை 2019இல் ஓர் ஆய்வாளர் கண்டு சொன்னார். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தந்தது. 2024 மார்ச்சில் சிலையைத் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய நடராசர், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலுடையவர் என்று நிறுவப்பட்டு 2014 செப்டம்பரில் இந்தியாவுக்குத் திரும்பினார்.

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்கள்? பதில் வார்க்கும் முறையில் இருக்கிறது. ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் செய்கிறார். அதன் மேல் களிமண் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும். அச்சு ஒருமுறைதான் பயன்படும் என்பதால், அச்சு அசலாக இன்னொன்று இருக்கவே முடியாது. ஆடையின் மடிப்பு, ஆரத்தின் வளைவு, பீடத்தின் ஓரத்தில் ஒரு சிதைவு, தேய்ந்த மூக்கு நுனி என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். அருங்காட்சியகம் தெளிவான படத்தை இணையத்தில் போட்டிருந்தால்தான் இந்த ஒப்பீட்டை ஊரில் இருப்பவரும் செய்ய முடியும். என்னைக் கேட்டால், அருங்காட்சியகங்கள் இணையத்துக்கு வந்ததில் நமக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான்.

அருங்காட்சியகங்களுக்கும் இது காவல்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ சேதமாகியோ போனது 2023இல் வெளியே வந்தது. முழுமையாகப் பதியப்படாத சின்னச் சின்ன நகைகளும் கற்களும் அவற்றில் அடக்கம். அதன் பிறகு அந்த நிறுவனம் 5 ஆண்டுகளில் மொத்தச் சேகரிப்பையும் இணையத்தில் ஏற்றும் திட்டத்தை அறிவித்தது. புதிதாக ஏற்ற வேண்டியதும் திருத்த வேண்டியதுமாக 24 லட்சம் பதிவுகள்.

படத்தை எடுத்துப் பயன்படுத்துவது

டவுன்லோடு பொத்தானை அழுத்தும் முன் உரிமத்தைப் பாருங்கள். 'சிசி ஜீரோ' என்றோ 'பப்ளிக் டொமைன்' என்றோ இருந்தால் அனுமதி கேட்கத் தேவையில்லை. புத்தக அட்டையில் போடலாம், சட்டையில் அச்சடித்து விற்கலாம், வீடியோவில் சேர்க்கலாம். மெட்ரோபாலிட்டன் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை இப்படித் திறந்துவிட்டது. கிளீவ்லாந்து 2019 ஜனவரியில், ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களோடு. பெயர் போடச் சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அருங்காட்சியகத்தின் பெயரையும் எண்ணையும் போட்டுவிடுங்கள். உங்கள் படத்தைப் பார்ப்பவர் மூலப் பக்கத்துக்குப் போக அதுதான் வழி.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படங்களுக்கு நிபந்தனை உண்டு. பெயர் குறிப்பிட வேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். பள்ளிப் பாடத்துக்கும் சொந்தக் குறிப்புக்கும் பிரச்சினை இல்லை. விளம்பர வருமானம் வரும் யூடியூப் சேனல் என்றால் எழுதிக் கேட்டுவிடுங்கள். உரிமம் பற்றி ஒரு வரியும் இல்லாத பக்கம் என்றால் அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடல் பக்கத்திலேயே 'ஓப்பன் அக்சஸ்' என்ற ஃபில்டர் இருக்கும். முதலிலேயே அதைத் தட்டிவிட்டால் வேலை மிச்சம். அச்சுக்கு என்றால் பெரிய கோப்பை எடுங்கள். கிளீவ்லாந்தில் 'டிஃப்' (TIFF) என்ற, அச்சுத் தரமுள்ள படக் கோப்பும் கிடைக்கும். அளவு பெரிது, மொபைல் டேட்டாவில் இறக்காதீர்கள். பெரிதாக்கிப் பார்ப்பது எந்த எல்லைவரை போயிருக்கிறது என்று தெரிய, ரைக்ஸ்மியூசியம் தளத்தில் ரெம்ப்ராண்டின் இரவுக் காவல் ஓவியத்தைத் திறந்து பாருங்கள். 8,439 படங்களைத் தைத்து 717 கிகாபிக்சல் அளவில் 2022இல் வெளியிட்டார்கள். வண்ணத்தில் விழுந்த விரிசல்கூடத் தெரியும்.

ஸ்மித்சோனியன் தளத்தில் முப்பரிமாண மாதிரிகளும் உண்டு, சுழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்கலாம். சில தளங்களில் படத்துக்கு அருகே மூன்று ஐ, ஓர் எஃப் கொண்ட (IIIF) சின்னம் தெரியும். வெவ்வேறு அருங்காட்சியகங்களின் படங்களை ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட உதவும் பொது முறை அது. முதல் மாதத்தில் அது தேவைப்படாது.

எல்லாமே திறந்து கிடக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் சிலரிடையே இறந்தவரின் படத்தைக் காட்டுவதில் கட்டுப்பாடு உண்டு. வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான 'முக்குர்ட்டு' என்ற மென்பொருள், எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்ய விடுகிறது. நம் கோயில்களிலும் அலங்காரம் இல்லாத திருமேனியைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பகிரும்போது அது நினைவில் இருக்கட்டும்.

திருப்பி எழுதுவது

பார்க்கப் பழகிய பிறகு அடுத்த வேலை பங்களிப்பது. சுலபமானது, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ். கட்டற்ற உரிமம் உள்ள அருங்காட்சியகப் படங்களில் நிறைய அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் படம் இல்லாத கட்டுரை ஒன்றைக் கண்டால், காமன்ஸில் எண்ணைப் போட்டுத் தேடி, இருந்தால் இணைத்துவிடுங்கள். கையெழுத்துப் படிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு ஸ்மித்சோனியன் 2013இல் தொடங்கிய படியெடுப்பு மையம் இருக்கிறது. பழைய நாட்குறிப்புகளையும் சீட்டுகளையும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்கிறார்கள்.

நீங்கள் நேரில் போகும் ஊர் அருங்காட்சியகத்தில் படமெடுக்க அனுமதி இருந்தால் பொருளையும் பெயர்ப்பலகையையும் சேர்த்து எடுத்து வையுங்கள். 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. மறுநாளே அங்கிருந்த அருங்காட்சியகவியல் மாணவர்கள், உள்ளே எடுத்த படங்கள் இருந்தால் அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். பார்வையாளர்கள் போகிற போக்கில் எடுத்த படங்கள் அப்போதுதான் ஆவணமாயின.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது பதிவில் உள்ள பிழையை எழுதித் தெரிவிப்பது. ஊர்ப் பெயரைத் தவறான மாவட்டத்தில் போட்டிருப்பார்கள். அய்யனாரை வெறும் 'தெய்வம்' என்று பதிந்திருப்பார்கள். ஓலையைத் தலைகீழாகப் படம் பிடித்திருப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிவது, அங்கே நூறு வருடமாக யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். மெட்ரோபாலிட்டனின் பொருள் பக்கங்களில் கருத்துச் சொல்ல ஒரு படிவம் இருக்கும். அது இல்லாத தளங்களில் 'தொடர்புக்கு' என்ற பகுதியில் ஆசியப் பிரிவின் மின்னஞ்சல் முகவரியைத் தேடுங்கள்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். முதல் வரியில் சேர்க்கை எண். இரண்டாவது வரியில், பக்கத்தில் இப்போது இருக்கும் வாக்கியம் அப்படியே. அடுத்து, அது எப்படி இருக்க வேண்டும் என்பது. அப்புறம் ஆதாரம்: கல்வெட்டுத் தொகுதியின் எண், கோயிலில் நீங்கள் எடுத்த படம், அல்லது ஓலையின் முதல் இரண்டு வரியைப் பெயர்த்து எழுதியது. ஆதாரம் பெரியவர்கள் சொன்ன வாய்மொழித் தகவல் என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு. கோபத்தைக் கடிதத்தில் காட்ட வேண்டாம். மறுமுனையில் அதைப் படிப்பவர் பெரும்பாலும் அந்தச் சிலையை உங்களைப் போலவே நேசிக்கும் ஒரு காப்பாளர். ஒரு கடிதத்தில் ஒரு பொருள் மட்டும். பத்துப் பொருளை ஒரே கடிதத்தில் அடுக்கினால் எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாமல் அது நின்றுவிடும்.

திருட்டுப் பொருளோ என்று சந்தேகம் வந்தால் வழி வேறு. சமூக ஊடகத்தில் முதலில் போடாதீர்கள். பக்கம் மறைந்துவிடலாம். அன்றைய தேதியோடு முழுப் பக்கத்தையும் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் 'வேபேக் மெஷினில்' அந்த முகவரியைக் கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பழைய புகைப்படம் இருக்கிறதா என்று புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை அணுகுங்கள். பிறகு தமிழ்நாடு காவல்துறையின் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். கொடுத்த மனுவின் நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். ஆஷ்மோலியன் விஷயத்தில் அடையாளம் கண்டதற்கும் திருப்பித் தர ஒப்புக்கொண்டதற்கும் நடுவில் நாலு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் காகிதங்கள் அவ்வளவு காலத்துக்கும் தேவைப்படும்.